பிடிசீனி

1

இந்த மாதத்தோடு நானும் என் மனைவி ஸ்டெல்லாபாயும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. யாரும் கொண்டாடவில்லை. மகள் ஷீபா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்குப் பகல் ட்யூட்டி. பேத்தி ஜெனிக்கு நீச்சல் வகுப்பு. எனக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது.

கண் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த கடிதம். போன மாதம் எடுத்த படத்தில் இடது கண்ணின் பின்புறம் ஒன்றிரண்டு இடங்களில் சிறிய இரத்தக் கசிவு தெரிகிறது, சொட்டு மருந்து விட்டு விரிவாகப் பார்க்க வேண்டும், வண்டி ஓட்டி வர வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்கள். நெய்யாற்றின்கரை தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து துணைத் தாசில்தாராக வெளியே வந்தவன் நான். கடிதம் எழுதியும் எழுத வைத்தும் வாழ்ந்தவன். ஆகவே முதலில் அதன் வடிவத்தைப் பார்த்தேன். பொருள், பார்வை எண், தேதி, கையொப்பம், எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஒருவனுடைய கண்ணைப் பற்றிய கெட்ட செய்தியை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் வராது, என்னையும் சேர்த்து.

சாயங்காலம் ஷீபா வந்து அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள். சர்க்கரை நோய் நீண்ட காலம் கட்டுக்குள் இல்லாவிட்டால் இப்படி வரும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது நல்லது, பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டெல்லா பயப்படவில்லை. பாத்திரம் கழுவிய கையைத் துண்டில் துடைத்தாள். பிறகு, தன் கவனிப்பில் எது தவறியது என்று என்னைக் கேட்டாள்.

"நான் எதுலயாக்கும் விட்டது?"

பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தையும் அதற்கு முந்திய பதினொரு ஆண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களில் எங்கள் சபையின் பழைய கமிட்டி உறுப்பினர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் பதற வேண்டாம். யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

2

கேரளத்தில் எங்கள் காலத்து அரசு ஊழியனை ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற்ற அதே ஆண்டில், கால் விரலில் ஆறாத ஒரு புண்ணுக்காக நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் புண்ணைப் பார்க்காமல் இரத்தத்தைப் பார்த்தார். சாயாவில் சீனி வேண்டாம், பலகாரம் வேண்டாம், சோற்றைக் குறைக்கணும், மரவள்ளியை, அதாவது எங்கள் ஊர் மரச்சீனிக் கிழங்கைத் தொடவே வேண்டாம் என்றார். அதன் பெயரிலேயே சீனி இருக்கிறது, தப்ப முடியாது என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் பழக்கதோஷத்தில் அரை டஜன் வெட்டுகேக் வாங்கிக்கொண்டு கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு கையில் டாக்டரின் சீட்டு, மறு கையில் பொட்டலம். ஸ்டெல்லா சீட்டை வாங்கி வாசித்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பொட்டலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல, எங்கள் கிறிஸ்தவ சபைகளில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சோறு வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று தனிக் கலத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று பெயர். வாரம் முடிந்ததும் கலம் கோயிலுக்குப் போகும். வீட்டில் ஒரு பிடி குறைந்தது யாருக்கும் தெரியாது. சபையில் சாக்கு நிறையும்.

அன்று காலை ஸ்டெல்லா சாயா போட்டாள். எனக்கு இரண்டு கரண்டி, அவளுக்கு இரண்டு கரண்டி என்று வழக்கம்போல் சீனி அளந்தாள். அளந்த நான்கையும் கோப்பைகளில் போடாமல், காலியான ஒரு பால்பொடி டப்பாவில் போட்டு மூடினாள். இரண்டு கோப்பையும் சீனி இல்லாமல் மேசைக்கு வந்தன.

சுகர் எனக்குத்தானே, உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நான் இனிப்பாட்டு குடிச்சிட்டிருந்தா நீங்க எனக்க கோப்பையப் பாத்துட்டிருப்பிய. அது பாவமாக்கும்."

டப்பா எதற்கு என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"சும்மா வேண்டாம்ணு வச்சா ரெண்டு நாளு நிக்கும். ஒருத்தருக்குண்ணு எடுத்து வச்சா பின்ன அதத் தொட மனசு வராது."

இதைவிட நல்ல மருத்துவ ஆலோசனையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை டப்பா சபைக்குப் போனது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்ததும் எலுமிச்சை வெள்ளம் கலக்க அந்தச் சீனி; தண்ணீர் எங்களுக்கு வெள்ளம். சில மாதங்களில் பெண்கள் அதற்கு ஸ்டெல்லாக்க பிடிசீனி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னைவிட அவள்தான் இனிப்புக்காரி. கல்யாணமான புதிதில் முந்திரிக்கொத்து என்ற பயற்று உருண்டை செய்த அன்று, சூடு ஆறுவதற்குள் ஐந்து உருண்டை தின்றுவிட்டு, எண்ணிக்கை குறைந்ததற்குப் பூனைமேல் பழி போட்டவள். பூனை பயறு தின்னாது என்று நான் விசாரணை அறிக்கை கொடுத்தேன். அப்படிப்பட்டவள் அந்தக் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து செய்தாள். பாகின் பதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இனிப்பு போதுமா என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அக்காளைக் கூப்பிட்டாள்.

3

ஆசையை எப்படி அடக்குவது என்று இப்போது கைபேசியில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் என் வழியைச் சொல்கிறேன். கேலிக்காகச் சொல்லவில்லை, இது வேலை செய்கிறது.

எனக்கு மாலை நான்கு மணிக்கு மனு வரும். மனுதாரர் ஒரு நாள் சுகியன் கேட்பார், ஒரு நாள் ஏத்தன் வாழைப்பழம் பொரித்தது கேட்பார், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு துண்டு கருப்பட்டி. புதிதாக வந்த அதிகாரி செய்யும் தவறு, அதை உடனே நிராகரிப்பது. நிராகரித்தால் மேல்முறையீடு வரும், ஐந்தரை மணிக்கு இரட்டிப்பாக வரும். நான் மனுவைத் திருப்பி அனுப்புவேன். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த விவரம் இணைக்கப்படவில்லை. தண்ணீர் குடித்தாயிற்றா, சரி, வாசல்வரை ஒரு நடை நடந்ததற்கு ஆதாரம் எங்கே. இப்படி இருபது நிமிடம் அலைக்கழித்தால் மனுதாரர் சலித்துப்போய் எழுந்து போய்விடுவார். எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமாக இருந்தது என்பது ஒன்றே வித்தியாசம்.

இன்னொரு விதி, பொருளை வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது. மூன்றாவது, கடை இருக்கும் வழியே போகாமல் இருப்பது. பாறசாலை ரயில் நிலையச் சாலையில் எண்ணெய்ச் சட்டி காயும் நேரம் எனக்குத் தெரியும் என்பதால், அந்த நேரத்தில் தபாலாபீஸ் வழியாகச் சுற்றிப் போவேன். கடைக்காரருக்கு வருத்தம். ஒரு நாள் வழிமறித்து, சார் கடையை மாத்தியாச்சா என்று கேட்டார். டாக்டரை மாற்றியதாகச் சொன்னேன்.

இத்தனை விதிகளை வகுத்தவனுக்கு விலக்கு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். விதி எழுதுகிறவன் முதலில் அதைத்தான் எழுதி வைத்துக்கொள்வான்.

4

நான் சபைக் கமிட்டியின் செயலாளர். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடும். கோயிலில் மணியடிப்பவரும் விளக்குப் போடுபவரும் எங்களுக்குச் சாயா போடுபவரும் ஒருவரே, தாசையன். எனக்கு எப்போதும் சீனி போடாத விதவுட். ஸ்டெல்லாவே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

டப்பா போகத் தொடங்கி ஒரு வருடம் இருக்கும். ஒரு ஞாயிறு தாசையன் மறந்துவிட்டார். நான் ஒரு மிடறு குடித்தேன். மூன்று கரண்டி சீனி. நாக்கு எழுந்து நின்றது. வெளியே யாரோ பாடிக்கொண்டிருந்தது திடீரென்று நன்றாகக் கேட்டது.

தாசையனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மாற்றித் தரட்டுமா என்று பதறினார். இருக்கட்டும், வீணாக்க வேண்டாம் என்றேன். அடுத்த வாரமும் அவர் மறந்தார். அதற்கடுத்த வாரம் மறக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

கமிட்டிக்கு எந்தச் சீனி போகிறது என்று நான் தேடிப் போகவில்லை. ஒரு நாள் கை கழுவப் போனபோது சபையின் அடுப்பங்கரை ஜன்னலில் அந்தப் பால்பொடி டப்பா இருந்தது. அதில் ஸ்டெல்லாவின் கையெழுத்து. கடையிலிருந்து வாங்கிய சீனி தீர்ந்துபோகும்போதெல்லாம் தாசையன் அதிலிருந்து எடுத்திருக்கிறார். காலையில் என் கோப்பையிலிருந்து அவள் எடுத்து வைத்த இரண்டு கரண்டியை, ஞாயிறு பதினொரு மணிக்கு நான் மூன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் நிறுத்தியிருப்பான். நான் நடைமுறை தெரிந்தவன். பிள்ளைகளுக்குச் சீனி போதவில்லை என்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்து புகார் வந்ததும், அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். "பிள்ளைகளின் பல் நலன் கருதி, வரப்பெறும் சீனியில் பாதியைச் சபையின் நிர்வாகத் தேவைக்குப் பயன்படுத்தலாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." எழுதியது நான். வாசித்தது நான். எல்லோரும் கையொப்பமிட்டார்கள், கூட்டம் நீண்டுவிட்டது, வீட்டில் மீன் காத்திருந்தது. முறைகேட்டை நிறுத்துவதுதான் கடினம். முறைப்படுத்துவது அரை மணி நேர வேலை.

சில வாரம் கழித்து ஸ்டெல்லா கவலையோடு ஒரு விஷயம் சொன்னாள். பிள்ளைகள் வெள்ளம் புளிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்களாம். நான் பேப்பரை மடித்துக்கொண்டு, எலுமிச்சை அப்படிப்பட்டதாக இருக்கும் என்றேன். படுக்கப் போகுமுன் மஞ்சள் போட்டுப் பால் குடிப்பது அவளுக்கு வழக்கம். அதில் அரைக் கரண்டி சீனி போடுவாள்; அவளிடம் மிச்சமிருந்த இனிப்பு அது ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த அரைக் கரண்டியும் டப்பாவுக்குப் போனது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி இதைவிட மோசமாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

5

அடிலெய்டுக்கு வரும் விசாவுக்குக் கணவன் மனைவி என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். சபையின் திருமணப் பதிவேட்டு நகல், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரி என்பதற்குச் சான்று, சான்றளித்தவர் உண்மையானவர் என்பதற்கு முத்திரை. நான் மகிழ்ச்சியாக இருந்த கடைசிக் காலம் அது என்று ஷீபா சொல்வாள். அந்தப் பிடிசீனி டப்பாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் இவ்வளவு காகிதம் வேண்டியிருக்காது என்றும் சொன்னாள். நான் கோப்பில் நூல் கட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

டப்பா எங்களோடு விமானத்தில் வந்தது. இங்கேயும் காலையும் மாலையும் நான்கு கரண்டி. இங்குள்ள சபையில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் அலமாரி ஒன்று உண்டு. ஸ்டெல்லா முதல் மாதம் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினாள். பொறுப்பாக இருந்த அம்மாள் மிக அன்பாக, சீல் உடைத்த பொருளை வாங்க விதியில்லை, காலாவதி தேதியும் வேண்டும் என்றார். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. நான் தலையிட்டு ஒரு நடைமுறை வகுத்தேன். டப்பா நிறைந்ததும் அதிலுள்ளதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்வது, அதே எடைக்குச் சீல் உடைக்காத பாக்கெட்டை அலமாரிக்குக் கொடுப்பது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. என் வாழ்நாளில் நான் செய்த யோக்கியமான மாற்று ஏற்பாடு அது.

ஜெனிக்கு வயது பத்து. நாங்கள் பேசும் தமிழ் முழுவதும் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். இப்போது ஆங்கிலமும் குறைந்து, தோளைக் குலுக்குவதில் பாதிப் பதில் முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் நீச்சல், கோயில் கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஆனால் என் சர்க்கரை விஷயத்தில் அவள் காட்டும் அக்கறையை எந்த அதிகாரியும் காட்டியதில்லை. கடையில் நான் எதை எடுத்தாலும் வாங்கிப் பின்பக்கம் திருப்பி எத்தனை கிராம் என்று வாசிப்பாள். "பாட்டா, நோ" என்று திரும்ப அலமாரியில் வைப்பாள். அவள் பேச்சில் மிச்சமிருக்கும் ஒரே தமிழ்ச் சொல் பாட்டாதான். அதுவும் மறுப்போடுதான் வரும். இருந்தாலும் அதைக் கேட்கவே நான் சில நேரம் சாக்லேட்டை எடுக்கிறேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா முந்திரிக்கொத்து செய்தாள். ஜெனி ஒரு கடி கடித்துவிட்டு, மரியாதையாகத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். பல் அடையாளத்தோடு திரும்பி வந்த அந்த முக்கால் உருண்டை அன்று மாலை காணாமல் போனது. இந்த வீட்டில் பூனை இல்லை. விசாரணையும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் என்னைப் போன்ற முதியவர்கள் கடைகள் திறக்கும் முன் வணிக வளாகத்துக்குள் நடக்கிறோம். நடந்து முடிந்ததும் சாயாவும் கிரீம் பிஸ்கட்டும். முதல் நாள் ஆஸ்திரேலியக் கிழவி ஒருத்தி தட்டை நீட்டினாள். எனக்குச் சுகர் உண்டு என்பதை ஊர்ப் பழக்கத்தில் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்கும் உண்டு என்று அவள் சீனிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். இரண்டாவது முறை விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

6

கடிதம் வந்த மறுநாளே ஸ்டெல்லா தன் விசாரணையைத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சோறு ஒரு கோப்பை அளவுதான். அதை அரைக் கோப்பை ஆக்கினாள். இலங்கைக் கடையில் வாங்கும் மரச்சீனிக் கிழங்கு நின்றது. பழம் நின்றது. எனக்கு நின்றதெல்லாம் அவளுக்கும் நின்றது. அதுதான் பதினொரு ஆண்டுச் சட்டம். ஆனால் எனக்கு நிறைய இடங்களிலிருந்து வரத்து உண்டு. அவளுக்கு அந்தத் தட்டு மட்டும்தான்.

இரண்டாவது வாரம் அவள் சோற்றையே விட்டாள். நான்கு பீன்ஸ், ஒரு துண்டு மீன். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்பாள். ஷீபா ஒரு நாள் அம்மாவைக் கட்டாயப்படுத்தி எடை பார்க்கும் கருவியில் ஏற்றினாள். பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். அம்மாவுக்கு நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் விழுந்துவிடுவார்கள், என்ன சொல்லியும் கேட்கவில்லை, நீங்கள் பேசுங்கள் என்றாள்.

"அம்மைக்கு ஆருட்ட கோவம்ணு தெரியேல்ல அப்பா. கேட்டா, எனக்க கை அளவு பெசகிட்டுண்ணு சொல்லுதா."

நான் பேசினேன். கண் விஷயம் வயதின் காரணமாகவும் வரலாம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மாத்திரை பழையதாக இருக்கலாம் என்றேன். தண்ணீர் மாறியது காரணமாக இருக்கலாம் என்றேன். உண்மையைத் தவிர எல்லாக் காரணங்களையும் இணைப்போடு சமர்ப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மூன்று பீன்ஸ்.

7

பரிசோதனை நாளில் இருவரும் பேருந்தில் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிட்டு, மருந்து பிடிக்கும்வரை கணினியில் விவரம் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தாள். சீனி, இனிப்புப் பலகாரம் ஏதாவது எடுப்பீர்களா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"நோ சுகர். லெவன் இயர்ஸ். ஐ ஆம் மேக்கிங்."

பொதுவாக இந்த ஊரில் வெளியாட்களிடம் ஸ்டெல்லா வாயே திறக்க மாட்டாள். அன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் சார்பில் சாட்சி சொன்னாள். டாக்டர் சிரித்து, நல்லது என்று சொல்லி அதைத் தட்டச்சு செய்தாள். என் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் பதிவில் ஒரு வரி ஏறுவது தெரிந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பொய்கள் பதிவேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அது பொய் என்று தெரியாமல், அவ்வளவு பெருமையோடு ஒருவர் சொல்லி ஏற்றியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆரம்ப நிலைதான், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னாள். வெளியே வந்தால் உலகம் முழுவதும் வெள்ளை வெயில். எதற்கும் ஓரம் இல்லை. ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றி ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். அவள் முகம் எனக்கு ஒரு பழுப்பு நிழலாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

"ஸ்டெல்லா, நீ எதுலயும் விடேல்ல. நானாக்கும் விட்டது."

ஒவ்வொன்றாக நான் சொன்னேன். தாசையன் மறந்தது, நான் மறக்க வைத்தது, செவ்வாய்க்கிழமை பிஸ்கட், ஜெனி கடித்த முந்திரிக்கொத்து. தலைகீழ் வரிசையில் சொல்லியிருக்க வேண்டும். சின்னக் குற்றத்தில் தொடங்கியிருக்கலாம். அவள் பிஸ்கட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கமிட்டி கூடுத முறியில ஆருக்க சீனி?"

"நீ கொடுத்து விட்டது."

"எத்தன கரண்டி?"

"மூணு."

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது. நான் தீர்மானத்தைப் பற்றியும் சொன்னேன். பல் நலன் கருதி என்பதையும் விடவில்லை.

"பிள்ளியளுக்க வெள்ளம் புளிச்சது அதுனாலயாக்கும் இல்லியா?" என்றாள். கொஞ்சம் கழித்து, எதிர்ப்பக்கம் பார்த்தபடி என்று நினைக்கிறேன், "நான் பாலுக்குள்ளதயும் எடுத்து வச்சேன்" என்றாள்.

எங்கள் நிறுத்தத்துக்கு ஒன்று முன்னதாகவே மணியை அழுத்தினாள். இறங்கி, என்னை விட்டுவிட்டு முன்னே நடந்தாள். நான் வேலியைத் தடவிக்கொண்டு பின்னால் போனேன். சாலையைக் கடக்கும் இடம் வந்ததும் காலடிச் சத்தம் நின்றது, திரும்பி வந்தது. என் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் பார்த்துக் கடத்திவிட்டாள். அந்தப் பக்கம் போனதும் கையை எடுத்துக்கொண்டாள்.

8

மதியம் என் தட்டில் அரைக் கோப்பை சோறு வந்தது. எதிரே அவள் தட்டில் சோறு விழும் சத்தம் கேட்டது. ஒரு அகப்பை, இரண்டு, மூன்று. மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நிதானமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். மூன்று வாரத்தில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரே சாப்பாடு அது.

நான்கு மணிக்கு அடுப்பங்கரையில் சாயா கொதிக்கும் வாசனை வந்தது. போய் நின்றேன். பார்வை பாதி திரும்பியிருந்தது; தொலைவில் உள்ளது தெரிந்தது, கிட்டே உள்ளது தெரியவில்லை. அவள் ஒரே ஒரு கோப்பையில் சாயா ஊற்றினாள். இரண்டு கரண்டி சீனி போட்டாள். கரண்டி கோப்பைக்குள் சுற்றும் சத்தம். எங்கள் சாயாக் கோப்பையில் அந்தச் சத்தம் கேட்டுப் பதினொரு ஆண்டு ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பண்டத்த ருசி இல்ல" என்றாள், பழைய ருசி இல்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. தேடிய ஒன்று பெட்டியில் இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள்.

நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது பேருந்தில் சொல்லும்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ படிவம் நிரப்பியவன். அதற்கு எனக்கு இரண்டு சொல்தான் கிடைத்தது. அவள் கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காதது மாதிரியும் இருந்தது.

பிறகு மறுபடி சாயா போட்டாள். இப்போது இரண்டு கோப்பை, இரண்டும் விதவுட். பால்பொடி டப்பாவைத் திறந்து தனக்குள்ள இரண்டு கரண்டியைப் போட்டாள். டப்பா இனி எங்கே போகும் என்று கேட்டேன்.

"அது நான் தீருமானிச்சுக்கிடுவேன். நீங்க இருக்கப்பட்ட ஒரு கமிட்டிக்கும் இல்ல."

எனக்குள்ள இரண்டையும் போடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைத் திருப்பி, காம்பை என் பக்கம் நீட்டினாள்.

"உங்களுக்குள்ளத இனி நீங்க போடுங்க."

வாங்கினேன். சீனிப் பாத்திரத்தில் அள்ளி, டப்பாவின் வாயைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கவிழ்த்தேன். முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவதில் பாதி வெளியே, மேடையெங்கும் சிதறியது. அவள் துடைக்க வரவில்லை. நான் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, சிதறிய சீனியை ஒற்றி எடுத்தேன். சின்ன வயதிலிருந்தே சிந்திய சீனியை எடுக்க எனக்குத் தெரிந்த வழி அது. விரல் நிறைய ஒட்டியது. கை தானாக வாய்ப் பக்கம் வந்தது. பாதியில் நின்றது.

எதிரே இருக்கும் நிழல் அசையவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளக் கண் வேண்டியதில்லை.

குழாயைத் திறந்து விரலைக் கழுவினேன். பிறகு துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன். இன்னும் அரைக் கரண்டி அளந்து, டப்பாவின் விளிம்பை இடது கையால் தடவிப் பார்த்து, சிந்தாமல் உள்ளே போட்டேன்.

"மதி, இம்புட்டு போதும்" என்று சொல்லி, ஸ்டெல்லா என் கோப்பையை என் கையில் கொடுத்தாள்.